உத்திரமேரூர்ச் சுவர் முன்னால் ஒரு வகுப்பு

செங்கல்பட்டிலிருந்து வந்த பேருந்து உத்திரமேரூரில் நின்றபோது காலை ஏழே முக்கால். வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தேட வேண்டியதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொல்லியல் துறையின் நீலப் பலகை, கம்பி வேலி, உயரமான கல் அதிட்டானம், அதன்மேல் மண்டபம். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பதினொரு பேர் வேலிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். வட மாவட்டம் ஒன்றின் அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைகள். அவர்களுடைய பேராசிரியை என் நெடுநாள் தோழி. "ஆய்வு முறையியல் தாளை இந்த வருஷம் கல்லு முன்னாடி நின்னு நடத்தப் போறேன். வந்து பாரு" என்று கூப்பிட்டிருந்தார்.

நானும் அந்தத் தாளை எழுதித் தேறியவன்தான். வரலாறு கலையா அறிவியலா, முதன்மைச் சான்று எது, இரண்டாம் நிலைச் சான்று எது, புறத் திறனாய்வு, அகத் திறனாய்வு, அடிக்குறிப்பு இடும் முறை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆசிரியர் மஞ்சளேறிய நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் எழுதிக்கொண்டே போவோம். இரண்டு ஆண்டில் ஓர் ஆவணத்தையோ ஓலையையோ கல்வெட்டையோ யாரும் எங்கள் முன்னால் வைக்கவில்லை. பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, சான்று என்று ஒருவர் நீட்டும் காகிதத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியாமல் பல நாள் தவித்திருக்கிறேன். அந்தத் தவிப்பு இந்தப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்ற எண்ணம்தான் என்னை முதல் பேருந்தில் ஏற்றியது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் பேராசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் ஒரே ஒரு வாக்கியம். போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் பள்ளிக் குறிப்புகளிலும் சிறு மாற்றங்களோடு வருகிற வாக்கியம்தான்: சோழர் காலத்தில் ஊராட்சி உறுப்பினர்கள் குடவோலை முறையில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

"இன்னைக்குப் பாடம் இவ்வளவுதான். இந்த வாக்கியத்துல இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தச் சுவர் சாட்சி சொல்லுதா, சொல்லலையா? சாயந்திரத்துக்குள்ள பார்த்து முடிக்கணும்."

உள்ளே போனோம். சுவரை நெருங்கியதும் பிள்ளைகள் சத்தம் அடங்கிவிட்டது. ஆள் உயரத்துக்கும் மேலே வரிவரியாக எழுத்து. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கமாகச் சுருங்கிக் கிடந்த விஷயம் இவ்வளவு பெரியதாக நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் முதல் ஏமாற்றம்: ஒன்றும் படிக்க முடியவில்லை. ஒரு பையன் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தான். பேராசிரியை சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். "எழுத்துக்குள்ள சுண்ணாம்பு தேய்ச்சா, நீ எதை எழுத்துன்னு நெனச்சியோ அதுதான் அடுத்தவன் கண்ணுக்கும் தெரியும். உன் வாசிப்பை கல்லு மேல திணிக்காத."

அவர் கொண்டுவந்திருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு மாணவி அதை வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவரில் பக்கவாட்டாக விழச் செய்தாள். அதுவரை சொரசொரப்பான கல்லாக இருந்த இடத்தில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து, ஒரு வரி முழுதும் எழுந்து நின்றது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தம்மையறியாமல் "ஆ" என்றார்கள். நானும்தான்.

தெரிந்தாலும் உடனே படித்துவிட முடியாது. புள்ளி கிடையாது. மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். குடும்பு என்ற சொல் 'குடுமபு' என்றுதான் கண்ணில் படும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். இடையிடையே வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். ஆக, படிப்பது என்பதே ஒவ்வொரு எழுத்திலும் ஒரு தீர்ப்பு. வகுப்பில் 'முதன்மைச் சான்று' என்று சொல்லும்போது ஏதோ கலப்படமில்லாத பால் போன்ற ஒன்றை நாங்கள் கற்பனை செய்திருந்தோம். அச்சில் நாம் பார்க்கும் கல்வெட்டுப் பாடம் யாரோ ஒருவர் இப்படி நின்று தீர்ப்புச் சொன்னதன் விளைவு என்பதை இந்தப் பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் கல்லூரியிலேயே மைப்படி எடுக்கவும் பழகியிருக்கிறார்கள். எழுத்து வெட்டிய பழகுகல் ஒன்றைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தைப் பரப்பி, மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் அது இறங்கும்படி செய்து, மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து தங்கும். இது பாதுகாக்கப்பட்ட கோயில். அனுமதி இல்லாமல் இங்கே படி எடுக்கக்கூடாது. அதனால் அன்றைக்குக் கண்ணாடியும் கண்ணும் மட்டும்தான்.

முதல் சொல், 'சோழர் காலத்தில்'. இங்கே பேசப்படும் கல்வெட்டுகள் இரண்டு. மதிரை கொண்ட கோப்பரகேசரியின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. எந்தக் கோப்பரகேசரி? சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள். விஜயாலயனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் ராஜேந்திரனும் பரகேசரி. மதுரையைக் கொண்டவன் என்ற அடைமொழிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது: முதலாம் பராந்தகன். அவன் பட்டத்துக்கு வந்தது 907. அந்தக் கணக்கில் கல்வெட்டுகளின் காலம் 919, 921. இந்தக் கணக்கை மாணவர்களே போட்டார்கள். போட்டு முடித்ததும் பேராசிரியை சொன்னார்: "இப்ப நீங்க பண்ணதுக்குத்தான் புறத் திறனாய்வுன்னு பேரு. நோட்டுல எழுதிக்கிட்டீங்களே, அது."

அந்தச் சொற்களுக்கு உலகம் முழுதும் பாடத்திட்ட வாழ்வு கொடுத்த புத்தகம், லாங்குலுவா, செஞ்ஞோபோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பேராசிரியர்கள் எழுதிய வரலாற்று ஆய்வு அறிமுக நூல். பாரிசில் வெளிவந்தது 1898ல். சென்னைக் கல்வெட்டுத் துறை இந்த இரண்டு கல்வெட்டுகளையும் பதிவுசெய்ததும் அதே 1898ஆம் ஆண்டு வரிசையில், எண் 1, எண் 2 என்று. ஆவணத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று அங்கே எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இந்தச் சுவரில் படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்முடைய வகுப்பறையில் இரண்டையும் ஒருசேர வைத்துச் சொல்லித்தர யாருக்கும் தோன்றாமலே நூறு ஆண்டு போய்விட்டது.

அடுத்தது 'குடவோலை முறையில்'. இந்தச் சொல்லுக்குச் சுவர் தாராளமாகச் சாட்சி சொல்கிறது. ஊருக்கு முப்பது குடும்பு, அதாவது முப்பது பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயரை ஓலையில் எழுதி, அந்தக் குடும்பின் பெயரை வாயோலையாக, அதாவது மேலோலையாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியவர் பெரியவர் அடங்க மகாசபை கூடியிருக்க, அன்று ஊரிலிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், யாரும் விடுபடாமல் நடுவில் இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுபிள்ளை ஒன்றைக் கொண்டு ஓலை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும்.

'ஐந்து விரலும் விரித்து' என்ற இடத்தில் வகுப்பு நின்றுவிட்டது. ஒரு பையன் தன் கையை விரித்துப் பார்த்தான்; மூடிப் பார்த்தான். "விரல் மூடியிருந்தா ஓலையை மாத்திடலாம் மேடம்." ஆமாம். சட்டம் எழுதினவர்கள் அந்த விரல்களைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். அப்படியென்றால் யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்களா? பேராசிரியை உடனே சொன்னார்: "அந்த இடத்துல ஒரு கேள்விக்குறி போடு. முற்றுப்புள்ளி வைக்காத."

இன்னொரு மாணவி நோட்டின் ஓரத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள். வாரியம் என்றால் ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழு. ஆட்டை வாரியம், அதாவது சம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு. ஏரி வாரியத்துக்கு ஆறு. கூட்டினால் முப்பது. குடும்பும் முப்பது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் இருந்த வெளிச்சத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. குடும்புக்கு ஒருவர் வீதம் எடுத்த முப்பது பேரையும் மூன்று வாரியத்துக்கும் மிச்சமில்லாமல் பிரித்திருக்கிறார்கள் என்பதை அவள் எந்த நூலிலும் படிக்கவில்லை, தானே கூட்டிப் பார்த்தாள். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆறு ஆறு பேர் தனியாக எடுக்கப்பட்டார்கள்.

ஆனால் 'தேர்ந்தெடுக்கப்பட்டனர்'? இங்கே முதல் சண்டை. குடத்தில் கைவிட்டு எடுப்பது திருவுளச் சீட்டு. அதில் யாருடைய விருப்பமும் இல்லை. ஓட்டுப் போடுவது வேறு. "அப்படின்னா தேர்தல்னு சொல்றது தப்பு" என்றாள் ஒருத்தி. "பேரை எழுதும்போதே தகுதி பார்த்து வடிகட்டிட்டாங்களே, அது தேர்வுதானே?" என்றான் இன்னொருவன். அரை மணி நேரம் ஓடியது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நாம் வாழும் காலத்தின் சொல்லைப் பழைய காலத்தின்மேல் போர்த்தும்போது எது மறைகிறது என்று பார்க்கும் பயிற்சி அது. பேராசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. 'சீட்டு மூலம் நியமிக்கப்பட்டனர்' என்று எழுதிப் பார்க்கச் சொன்னார். எழுதியதும் வாக்கியத்தின் முகமே மாறிவிட்டது.

மதியம் வெயில் ஏறிவிட்டதால் மண்டப நிழலுக்குப் போனோம். நான் அன்று கண்டவற்றில் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அங்கேதான் நடந்தது. சொல், 'மக்களால்'.

தகுதிகளை முதலில் பட்டியல் போட்டார்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். மந்திர பிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் வல்லவர் என்றால் அரைக்கால் வேலி நிலம் போதும். ஊரின் பெயரே உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம், பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேயம். ஆக, 'மக்கள்' என்ற சொல் நிலமுள்ள, வேதம் ஓதிய, நடுவயது ஆண் பிராமணர் என்று சுருங்கிவிட்டது. (ஒரு வேலி எத்தனை ஏக்கர் என்று ஒரு பையன் கைப்பேசியில் தேடி ஆறே முக்கால் என்றான். அது பிற்கால அளவு, பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரில் எந்தக் கோலால் அளந்தார்கள் என்று தெரியாமல் பெருக்கக்கூடாது என்று பேராசிரியை தடுத்துவிட்டார்.)

"மேடம், இதுல பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டாள் கண்ணாடி பிடித்த மாணவி. இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பேராசிரியை ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்தார். "தகுதி இல்லாதவங்க யாருன்னு கல்வெட்டு ஒரு பட்டியல் கொடுக்குது. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாம போனவன், அப்புறம் அவனோட உறவுக்காரங்க. அந்த உறவை எல்லாம் வம்ச மரமா வரைங்க."

வரையத் தொடங்கினார்கள். கணக்குக் காட்டாதவன் நடுவில் ஒரு வட்டம். அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாயுடன் பிறந்த மாமன், தகப்பனுடன் பிறந்தவன், உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாள் கணவன், உடன்பிறந்தாள் மகன், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன். வட்டங்களைக் கோட்டால் இணைக்கப் போனபோதுதான் சிக்கல். சின்னம்மா மகனைச் சேர்க்க வேண்டுமென்றால் சின்னம்மாவை வரைந்தாக வேண்டும். மைத்துனனைச் சேர்க்க மனைவியை வரைய வேண்டும். மருமகனைச் சேர்க்க மகளை வரைய வேண்டும். அம்மா, அத்தை, அக்கா, தங்கை, மனைவி, மகள் என்று ஒவ்வொருவராகத் தாளில் வந்து உட்கார்ந்தார்கள். வரைந்து முடித்தபோது பாதி வட்டம் பெண்கள். பதவிக்கு வராதவர்கள், பெயரில்லாதவர்கள். ஆனால் அவர்களை எடுத்துவிட்டால் பட்டியலில் பெரும்பகுதி அறுந்து விழுந்துவிடும். ஊரின் நிலமும் பதவியும் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போகக்கூடும் என்று சட்டம் எழுதியவர்கள் பயந்தார்களோ, அந்தப் பாதையில் பெரும்பகுதி பெண்கள் வழியாகத்தான் ஓடுகிறது.

அந்தத் தாளைச் சுற்றிப் பதினொரு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்ட மாணவி ஒரு வட்டத்தின்மேல் விரலை வைத்து, "இவங்க பேரு என்னவா இருந்திருக்கும்?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

விளிம்பில் விடப்பட்டவர்களைத் தேட வேறு வகை ஆவணத்துக்கும் போகவேண்டும் என்று பிறகு பேசினார்கள். இந்தச் சுவரில் குடியானவர் இல்லை, கம்மாளர் இல்லை, சேரி இல்லை. இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக் கணக்கு வருகிறது. அதில் இறை இல்லாமல் கழிக்கப்படும் நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வரும். ஆட்சிச் சட்டத்தில் காணாதவர்கள் கழிவுக் கணக்கில் கிடைக்கிறார்கள். பெண்களுக்கும் அப்படி ஒரு வழியை லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000ல் வெளியான நூலில் காட்டினார். கோயில் பெண்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கல்வெட்டுக்குப் போகாமல், கல்வெட்டுகளில் பெண்கள் எங்கெங்கே, என்னவாக, எந்தக் கொடையோடு வருகிறார்கள் என்று முதலில் எண்ணினார். எண்ணிய பிறகு பழைய முடிவுகள் பலவும் அசைந்தன.

எண்ணுவது என்றதும் பேச்சு மறுபடி முதல் சொல்லுக்கே திரும்பியது. 'சோழர் காலத்தில்' என்பது நானூறு ஆண்டு. நம் கையில் இருப்பது ஓர் ஊர், இரண்டு ஆண்டு. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் இதைவிட நூறாண்டுக்கு மேல் பழைய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று சபையில் யார் பேசலாம் என்று விதி வைக்கிறது. அதில் குடம் இல்லை. குடவோலை என்ற வழக்கமோ அகநானூறு வரைக்கும் பின்னால் போகிறது. அப்படியிருக்க, இந்த இரண்டு கல்வெட்டை வைத்துச் சோழ நாடு முழுதும் இப்படித்தான் என்று எழுதுவது எப்படி நியாயம்?

இங்கே வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி பேச்சுக்குள் வந்தார். 1932ல் வந்த சோழர் ஆட்சிமுறை பற்றிய தன் ஆய்வு நூலில் அவர் இந்தக் கல்வெட்டுகளை விரிவாக எடுத்துப் பேசினார். தொடர்ந்து அவருடைய சோழர் வரலாறு வந்தது. ஊர்ச்சபைகளின் திறனைக் கண்டு அவர் கொண்ட பெருமிதம் அந்த எழுத்தில் தெரியும். அதற்கு முன்பே, இந்தியக் கிராமங்கள் சிறு குடியரசுகள் என்று சார்ல்ஸ் மெட்காஃப் 1830ல் எழுதிவிட்டார். ஜெயஸ்வால் 1924ல் பழைய இந்தியாவில் குடியரசுகளைத் தேடி நூல் எழுதினார். அடிமைப்பட்ட நாட்டில் உட்கார்ந்து, நமக்கு ஆளத் தெரியும் என்பதற்குச் சான்று தேடிய தலைமுறை அது. ஒரு மாணவன் சாஸ்திரியைக் கொஞ்சம் அலட்சியமாகப் பேசியபோது பேராசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் எத்தனை ஆயிரம் கல்வெட்டு படிச்சவர் தெரியுமா? அவரைக் குறை சொல்லணும்னா முதல்ல அவர் படிச்சதை நீ படி. விமர்சனம்னா மறுபடியும் அந்த வேலையைச் செய்யறது."

அப்படி மறுபடியும் செய்தவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா. வெவ்வேறு ஊர், வெவ்வேறு நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் பிடித்தவற்றை எடுத்துக்காட்டாகக் கோத்து ஒரு சித்திரம் தீட்டும் முறையில் அவருக்கு நிறைவில்லை. 1966ல் வெளியான கட்டுரையில் திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று பிராமணரல்லாதார் ஊர், மற்றது பிரமதேயம். இரண்டிலும் உள்ள நில விற்பனைக் கல்வெட்டுகளை ஒன்றுவிடாமல் ஒப்பிட்டார். அல்லூரில் நிலம் பொதுவில் வைத்திருக்கப்பட்டதும் ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களிடம் இருந்ததும் தெரியவந்தது. சோழர் கால நில உரிமை பொதுவா தனியா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அதோடு மாறிப்போனது. எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று கேட்க வேண்டியதாயிற்று. வரலாற்றறிஞர் சுப்பராயலு 1973ல் சோழ நாட்டின் உட்பிரிவுகளான நாடுகளை ஊர் ஊராக நிலப்படத்தில் பொருத்தினார். இருவரும் மட்சுய் என்ற அறிஞரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு மூன்று தொகுதியில் சொல்லடைவு ஒன்றை 1978ல் வெளியிட்டார்கள். அந்த உழைப்பின் பொறுமையை நினைத்தாலே எனக்கு வணங்கத் தோன்றும்.

பர்ட்டன் ஸ்டெயின் 1980ல் கொண்டுவந்த கூறாக்க அரசுக் கொள்கையையும் தொட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி ஐடன் சௌதால் உருவாக்கிய சட்டகத்தை ஸ்டெயின் சோழ நாட்டுக்குப் பொருத்தினார். நாடு என்ற அலகுதான் உண்மையான அதிகார மையம், மன்னனுடைய இறைமை பெரும்பாலும் சடங்கு சார்ந்தது என்றார். இந்தச் சுவர் அதற்கு என்ன சொல்கிறது? ஊர்ச்சபைதான் விதி செய்கிறது. ஆனால் மன்னனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க. 12ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்த வேளான். 14ஆம் ஆண்டில் சோமாசிப் பெருமான். 'ஊராட்சி' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட முடியாது. அரசின் வரித்துறையைக் குறிக்கும் புரவுவரித் திணைக்களம் போன்ற சொற்கள் எப்போது தோன்றுகின்றன, எங்கே அடர்கின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான் சுப்பராயலுவும் கராஷிமாவும் ஸ்டெயினுக்குப் பதில் சொன்னார்கள். சட்டகத்தைக் கடன் வாங்குவது தவறில்லை, அது பொருந்தாத இடத்தில் கல்லை வெட்டிப் பொருத்தக்கூடாது என்பது என் எண்ணம்.

இரண்டு கல்வெட்டுக்கும் இடையில் இரண்டே ஆண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. முதலாவதில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. விதிகளும் விரிகின்றன. ஏன் மாற்றினார்கள்? விதி என்பது நடக்க வேண்டியதைச் சொல்லும்; நடந்ததைச் சொல்லாது. இரண்டாண்டில் திருத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும் நடந்தது. அதற்குமேல் ஊகம். இந்தக் கோட்டைப் பேராசிரியை கரும்பலகை இல்லாமல், தரையில் குச்சியால் உண்மையிலேயே கிழித்துக் காட்டினார்: இந்தப் பக்கம் கல் சொல்வது, அந்தப் பக்கம் நாம் சொல்வது.

ஒரு மாணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் தன் பேச்சில் இந்த ஊரைச் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று. அது நேர்மையான கேள்வி. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு கணக்குக் காட்டாதவனையும் அவன் சொந்தக்காரனையும் பதவிக்கு வரவிடாமல் தடுத்த விதி மிஞ்சும் என்றேன் நான். மூன்றாண்டு இடைவெளி இல்லாமல் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதி மிஞ்சும். விரித்த ஐந்து விரல் மிஞ்சும். அந்த அவையில் தன் பாட்டனுக்கு இடம் இருந்திருக்காது என்று தெரிந்துகொண்டே ஒருவன் இதை வியக்கலாம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பாட்டனுக்கு இருந்திருக்காது சார்" என்றான்.

புறப்படும் முன் பேராசிரியை ஒரு பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிச் சாரம் இருக்கும். பல ஆய்வேடுகள் அந்தச் சாரத்தையே மூலம் போல மேற்கோள் காட்டுகின்றன. சாரம் எழுதியவருக்கு முக்கியமாகப் படாத சொல்தான் நமக்கு வேண்டிய சொல்லாக இருக்கலாம். அச்சாகாத பாடம் என்றால் மைப்படியைத் தேடிப் போ, அதுவும் இல்லையென்றால் கல்லிடம் போ என்றார். முதுநிலை மாணவருக்கு இது அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அன்று காலை சாக்பீஸ் எடுத்த பையன் மாலைக்குள் எப்படி மாறியிருந்தான் என்று பார்த்தவன் நான்.

நாலரை மணிக்கு வெயில் சாய்ந்தது. கண்ணாடியே தேவைப்படாமல் சுவர் முழுதும் எழுத்து மேலெழும்பியது. அந்தப் பையன் மற்றவர்களை விட்டுவிட்டு, அதிட்டானத்தின் கீழ்ப்பக்கம் உடைந்த கல் ஒன்றின் முன் குந்தியிருந்தான். யாரும் அவனுக்குக் கொடுக்காத வேறு ஏதோ சிறு துண்டு வரி. பெயர் ஒன்றின் கடைசி எழுத்தில் சிக்கிக்கொண்டிருந்தான். ரகரமா, துணைக்காலா? பேராசிரியை அருகில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். தனக்கும் தெரியவில்லை என்றார். இரண்டு வாசிப்பையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவன் நோட்டில் இரண்டு வரி எழுதினான். பிறகு ஏதோ நினைத்தவனாகக் கைப்பேசியில் மணி பார்த்து, கீழே மூன்றாவது வரி சேர்த்தான்: மாலை 4.40, மேற்கு வெயில், உடைப்பு வலப்பக்கம். பேருந்துக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவன் தலையைச் சாய்த்து, இன்னொரு பக்கத்திலிருந்து அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.